மாந்திரினெத் விதையைக் கோர் தெ கார்த் மலையில் தூவலாமா?

மலையடி வீட்டுக்காரன், கத்ர் போர்ன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மொரிசியஸ் தீவின் கோர் தெ கார்த் மலையின் அடிவாரத்தில், கரும்பு முடிந்து புதர் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின்புற வேலி முழுவதும் செம்பருத்திதான், தாத்தா நட்டது. காலையில் அத்தை ஒரு கூடை பறித்து, பாதியை வீட்டுப் பூசைக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்புவார். செம்பருத்தியை எங்களுக்குப் பழக்கம் என்று சொல்வதைவிட, அது இல்லாமல் ஒரு காலைப்பொழுதை எங்களால் நினைத்துப்பார்க்க முடியாது என்று சொல்வதே சரி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செடி விற்பனையில் ஒரு தொட்டி வாங்கினேன். ஒட்டியிருந்த சீட்டில் 'மாந்திரினெத்' என்று கையால் எழுதியிருந்தது. நம் மலையிலும் லெ மோர்ன் மலையிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்பருத்தி இது என்று விற்றவர் சொன்னார். தாய்ச்செடி எது, விதையிலிருந்து வந்ததா தண்டிலிருந்து வந்ததா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இன்று கேட்கலாம் என்றால் அவரை எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தொட்டி கவிழ்ந்து, நடுக்கிளை ஒன்று முறிந்தது. முறிந்த கிளையை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாளி மணலில் செருகி வைத்தேன். அது வேர் பிடித்து, இப்போது என்னிடம் இரண்டு செடிகள் இருக்கின்றன. இலைகள் வேலிச் செம்பருத்தியின் இலைகளைவிடத் தடிப்பாக, மெழுகு தடவியதுபோல் மினுங்குகின்றன. பூ சிவப்புதான், ஆனால் வெயில் ஏறும்போது உற்றுப் பார்த்தால் அதற்குள் கொஞ்சம் செம்மஞ்சள் ஓடுவது தெரிகிறது.

இந்த ஆண்டு பெரிய செடியில் ஏழு காய்கள் பிடித்திருக்கின்றன. எங்கள் வேலியில் இத்தனை ஆண்டுகளில் ஒரு காயைக்கூட நான் பார்த்ததில்லை என்பதால் வியப்பாக இருந்தது. முற்றிய காய் ஒன்றைப் பிளந்தேன். ஐந்து அறைகளிலும் சேர்த்துப் பதினான்கு விதைகள், சிறுநீரக வடிவில், பழுப்பு நிறத்தில், மேலே மெல்லிய மயிர்.

இப்போது அத்தைக்கு ஓர் ஆசை. தைப்பூசத்துக்கு முன் வரும் மழையில் இந்த விதைகளை மலைச்சரிவில் தூவிவிட்டால், முருகன் மலையில் இழந்த பூ மறுபடியும் வரும் என்கிறார். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் படுகிறது. ஆனால் ஏதோ ஒன்று இடிக்கிறது. என்னிடம் இருப்பது உண்மையான மாந்திரினெத்தா என்பதை எப்படி அறிவது, இந்த விதைகளைத் தூவலாமா, தூவக்கூடாது என்றால் ஏன் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அத்தையிடம் வெறுமனே கூடாது என்று சொன்னால் போதாது, காரணம் கேட்பார்.

நாற்றங்கால் பழையவர், கூர்பிப்

ஐயா, தங்களுக்கு ஏதோ இடித்தது மிகவும் நல்லதாயிற்று. தயவுசெய்து அந்த விதைகளை மலையில் தூவ வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டுச் செடிகளின் நாற்றங்கால் வேலையில் இருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறேன். மாந்திரினெத் என்று நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலில் நாம் அழைக்கும் இந்தச் செடிக்கு ஹைபிஸ்கஸ் ஃப்ராஜிலிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தவர் தெ காந்தோல், அது 1824இல். ஃப்ராஜிலிஸ் என்றால் லத்தீனில் எளிதில் முறியக்கூடியது என்று பொருள். தங்கள் தொட்டியின் கிளை புயலில் முறிந்த கதையைப் படித்ததும் எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் வேலிச் செம்பருத்தியும் காற்றில் முறியும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இரண்டு மலைகளிலும் சேர்த்து முதிர்ந்த செடிகள் நாற்பதுக்கும் குறைவாகவே கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி லெ மோர்ன் பாறைகளில் இருக்க, கோர் தெ கார்த்தில் கண்டவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் மிக மோசமான படியில் இது இருப்பதற்கு அந்தக் கணக்கே காரணம்.

இப்போது விதைக்கு வருகிறேன். தங்கள் வேலியில் இத்தனை ஆண்டுகளாகக் காய் பிடிக்காததில் வியப்பில்லை. கோயிலுக்கும் வீட்டுக்கும் நாம் வளர்க்கும் செம்பருத்தி பல தலைமுறைகளாகத் தண்டு ஒடித்து நட்டே பெருக்கப்பட்டது. பல இனங்களின் கலப்பில் உருவானது. அதன் வகைகளில் பெரும்பாலானவை தாமாகக் காய்ப்பதில்லை. ஆனால் தான் காய்க்காத செடியின் மகரந்தம்கூட இன்னொரு செடியின் சூலகத்தில் விழுந்தால் வேலை செய்யக்கூடும். மாந்திரினெத்தும் வேலிச் செம்பருத்தியும் ஒரே பிரிவைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள் என்பதால் எளிதாகக் கலக்கின்றன. தங்கள் தொட்டிக்குப் பத்தடி தொலைவில் ஒரு வேலி முழுக்கச் செம்பருத்தி பூத்து நிற்கும்போது, அந்த ஏழு காய்களின் தந்தை யார் என்று கேட்டால் நான் வேலியைத்தான் கை காட்டுவேன். தொட்டிச் செடி அசலாகவே இருந்தாலும் அதன் விதைகள் அசல் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட கலப்பு விதை மலையில் முளைத்தால் என்ன ஆகும்? கலப்புச் செடிகள் பெரும்பாலும் வீரியமாக வளரும். அவை பூத்து, பக்கத்தில் இருக்கும் நான்கைந்து அசல் செடிகளுக்கு மகரந்தம் கொடுக்கும். அசல் செடி ஒன்று ஆண்டுக்குச் சில காய்களே தரும்போது, அந்தக் காய்களிலும் கலப்பு ஏறிவிட்டால், அது தன் இனத்தைப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பை அந்த ஆண்டு இழந்துவிட்டது என்று பொருள். ஆயிரம் செடிகள் இருக்கும் இனத்துக்கு இது ஒரு கீறல். நாற்பதுகூட இல்லாத இனம் இரண்டு மூன்று தலைமுறையில் செடியாக நின்றுகொண்டே மறைந்துபோகும். வெட்டினால் வெட்டியது தெரியும். கலந்து போனால், பூ சிவப்பாகவே இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் அஞ்சுவது அதைத்தான்.

இந்தக் கலப்பு வேலை நம் தீவுக்குப் புதியதும் அல்ல. சார்ல்ஸ் டெல்ஃபேர் என்ற இயற்கை ஆர்வலர் 1820களிலேயே மொரிசியஸில் தோட்டச் செம்பருத்தியை ரோட்ரிக்ஸ் தீவுக்கே உரிய லிலிஃப்ளோரஸ் என்ற செம்பருத்தியோடு சேர்த்துக் கலப்பினங்கள் உண்டாக்கினார். இன்று உலகத் தோட்டங்களில் காணும் பகட்டான கலப்பினங்களின் வரலாற்றை எழுதுவோர் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்தக் கலப்புகளின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பூக்கின்றன. மூல இனமோ ரோட்ரிக்ஸில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது.

அசலா இல்லையா என்பதை இலையை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம். மினுங்கும் தடித்த இலை அசலுக்கும் இருக்கும், பாதிக் கலப்புக்கும் இருக்கலாம். இலை விளிம்பைப் பாருங்கள். வேலிச் செம்பருத்தியில் இலையின் மேற்பாதியில் பற்கள் தெளிவாக இருக்கும். அதோடு நிற்காமல், பூவும் இலையும் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி உலர்த்தி, ரெதுயியில் உள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பூவைப் பறித்த அன்றே ஒரு நிறப்படமும் எடுத்து வையுங்கள். உலர்ந்தால் நிறம் போய்விடும்.

இரண்டாவது செடி வேர் பிடித்ததைப் படித்தேன்; அதுதான் சரியான வழி. பென்சில் பருமனில், பாதி முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டு, கரும்பாறை மணலும் தேங்காய் நாரும் கலந்த தொட்டியில் நிழலில் வைத்தால், ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவுப்பூச்சியைக் கவனியுங்கள், செம்பருத்திக் குடும்பத்தை அது விடாது. தண்டில் வளர்ந்தது தாயின் அச்சு. அதில் கலப்புக்கு இடமில்லை. ஆனால் ஒரே தாயின் நூறு தண்டுகள் நூறு செடியல்ல, ஒரே செடி நூறு இடத்தில் நிற்பதுதான் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் நாற்றங்காலில் ஒவ்வொரு தொட்டிக்கும் எந்த மலை, எந்தத் தாய், எந்த நாள் என்று எழுதி வைப்போம். சீட்டு தொலைந்த தொட்டி எவ்வளவு அழகாகப் பூத்தாலும் மலைக்குப் போகாது. தங்கள் தொட்டி அப்படிப்பட்டது, மன்னிக்கவும்.

கடைசியாக ஒரு யோசனை. செம்பருத்தி ஒரு நாள் பூ. பூத்த அன்றே பறித்துவிட்டால் காய் பிடிக்காது. அத்தையிடம் அந்தப் பூவைப் பூசைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் இளையவன்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. அசல் செடி நாற்பதுகூட இல்லை என்றால், அது எப்படியும் போகப்போகிறது. அதன் பாதி இரத்தமாவது மலையில் நிற்பது ஒன்றுமே இல்லாததைவிட மேல் அல்லவா? இந்தத் தீவில் கலக்காதது எது? தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் ஆப்பிரிக்கமும் பிரெஞ்சும் கலந்துதான் நம் பேச்சும் சாப்பாடும் உருவாயின. நம் பாட்டிமார் கொண்டுவந்த செம்பருத்தியை வந்தேறி என்று ஒதுக்கினால், அந்தச் சொல் நம்மையும் சுடாதா? செடியைப் பற்றிப் பேசும்போது 'அசல்', 'கலப்பு' என்ற சொற்களைக் கேட்டாலே எனக்குச் சற்று உறுத்துகிறது.

சேன் ஆந்த்ரேயிலிருந்து ஒரு வாசகி, ரியூனியன்

தம்பி ரோஸ் ஹில்காரரின் உறுத்தலை நான் குறைத்து எண்ணவில்லை. எங்கள் தீவிலும் இதே பேச்சு வரும். ஆனால் மனிதர்களுக்கும் செடிகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் கணக்குத் தவறிவிடும். மனிதர்கள் எங்கே சென்று யாரோடு கலந்தாலும் மனிதர்களே. ஓர் இனமும் குறைவதில்லை. மாந்திரினெத்தோ இரண்டு மலைகளில் மட்டும் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து நின்று தன் வடிவத்தைப் பெற்ற ஓர் இனம். அது போனால், எடுத்து வைக்க வேறு கையிருப்பு இல்லை. தோட்டச் செம்பருத்தியை யாரும் ஒதுக்கச் சொல்லவில்லையே. அது வீட்டு வாசலில் இருக்கட்டும், மலைப்பாறையில் வேண்டாம் என்பதுதான் பேச்சு.

'எப்படியும் போகப்போகிறது' என்று சொன்னீர்கள். அதைத்தான் ரோட்ரிக்ஸின் காஃபே மாரோன் செடியைப் பற்றியும் எல்லோரும் சொன்னார்கள். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட அந்தக் காட்டுக் காப்பிச் செடியை 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் சாலையோரத்தில் கண்டுபிடித்தான். உலகிலேயே ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. செய்தி பரவியதும் மருந்துக்கு ஆகும் என்று நம்பியவர்கள் இலையையும் கிளையையும் ஒடிக்கத் தொடங்க, வேலிக்கு மேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986இல் அதன் தண்டுகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் பறந்து, அங்கே ஒன்று வேர் பிடித்துப் பூத்தது. ஆனால் காய்க்க மறுத்தது. ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கழித்து, 2003இல்தான் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலை வல்லுநர் பூவின் சூலகமுடியை வெட்டி மகரந்தம் வைத்துக் காய் பிடிக்க வைத்தார். அதிலிருந்து பெற்ற விதைகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பின. ஒரு செடியிலிருந்து இது முடிந்தது என்றால், நாற்பதுக்கு அருகில் இருக்கும்போதே கைவிடுவது எனக்குச் சோம்பலாகத்தான் படுகிறது.

இதில் கேள்வி கேட்ட ஐயாவுக்கும் ஒரு பாடம் உண்டு. மலையில் மாந்திரினெத் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்திருந்தாலும் இங்கே எழுத வேண்டாம், படத்தோடு இடக்குறிப்பைப் போட வேண்டாம். காஃபே மாரோனுக்கு ஆபத்து வந்தது அதன் புகழால்தான்.

ஒரு சிறு விலகல், பொறுத்தருள்க. உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் செம்பருத்தியை கிரியோலில் ஃபூல்சபாத் என்கிறோம். எங்கள் பாட்டி தமிழில் அதைச் சப்பாத்துப்பூ என்பார். சப்பாத்து என்பது போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல். ஃபூல்சபாத்துக்குள்ளும் அதே சப்பாத்து கேட்கிறது. எங்கள் மலைகளிலும் உங்கள் மலைகளிலும் வளரும் இன்னொரு நாட்டுச் செம்பருத்தியை ஃபூல்சபாத் மாரோன் என்பார்கள். மாரோன் என்றால் தப்பியோடி மலையேறிய அடிமை. காட்டில் தானாக வளரும் எதற்கும் கிரியோல் அந்தப் பெயரைத்தான் சூட்டும். தோட்டத்துச் செடிக்கு உறவாக ஒன்று மலையில் ஒளிந்து வாழ்கிறது என்பதை அந்தப் பெயரை வைத்தவர்கள் எப்படியோ உணர்ந்திருக்கிறார்கள்.

லா கோலெத் ஆசிரியை

நான் லெ மோர்ன் மலையைத் தினமும் சன்னலில் பார்க்கும் ஊரில் இருக்கிறேன். 556 மீட்டர் உயரம்தான், ஆனால் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பதால் இரண்டு மடங்காகத் தெரியும். தப்பிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை என்பதால் 2008இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக ஏற்றது. மேலே ஏறுவோர் மாரோன்களின் கதையைக் கேட்டுவிட்டு, கடலைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலை ஏன் இன்னும் அரிய செடிகளை வைத்திருக்கிறது என்று கேட்பவர் குறைவு. எந்தப் பாறை மனிதரைத் துரத்துவோருக்கு எட்டவில்லையோ, அதே பாறை மானுக்கும் கோடரிக்கும் எட்டவில்லை. மாந்திரினெத் மிஞ்சியிருப்பது அப்படிப்பட்ட செங்குத்தில்தான். குரங்குக்கு மட்டும் எட்டாத இடம் என்று ஒன்று இல்லை.

இதே மலையில் மட்டும் இயற்கையாக வளரும் இன்னொரு புதர்ச்செடி நம் தேசிய மலரான பூக்ல் தோரெய். கம்மல் என்று பொருள். தலைகீழாகத் தொங்கும் அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தால் ஜிமிக்கி என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1992 மார்ச் 12இல் நாடு குடியரசான நாளில் அதற்குத் தேசிய மலர் என்ற தகுதி வந்தது. பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே தேன் சிவப்பாக இருக்கும். நிறமுள்ள தேன் உலகிலேயே மிக அரிது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு செடியில், பகலில் நடமாடும் பச்சைப் பல்லி மகரந்தம் சுமக்கிறது. அந்தப் பல்லி தாழைப் புதரில் குடியிருப்பதால், தாழைக்கு அருகில் நிற்கும் செடிகளில் காய் அதிகம் பிடிப்பதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். செடியை மட்டும் காப்பாற்றினால் போதாது, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

நான் எழுத வந்தது வேறு. செம்பருத்திக் கலப்பு ஓர் ஆபத்து என்றால், களைகள் அதைவிடப் பெரிய ஆபத்து. உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு நாம் ஆசையாகத் தின்னும் கொயாவ் தெசின் என்ற சிறு கொய்யா, நாட்டு மரம் ஒரு கன்றுகூட முளைக்க முடியாதபடி காட்டின் தரையை நிரப்பிவிடுகிறது. அதைவிட எனக்கு மனம் கசக்கும் ஒன்று உண்டு. பழந்தமிழ்ப் பாடல்களில் மணக்கும் குருக்கத்தி, மாதவி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு நாம் கொண்டாடிய அதே கொடி, இங்கே லியான் செர்ஃப் என்ற பெயரில் வறள்காட்டின் மேல் போர்வைபோல் படர்ந்து மரங்களை மூச்சடைக்க வைக்கிறது. மூன்று இறகு கொண்ட அதன் காய் காற்றில் சுழன்று பாறை மேலும் போய் இறங்கும். கொயாவ் தெசினும் லியான் செர்ஃபும் உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. தரம் கெடாத நாட்டுக்காடு மொரிசியஸில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. ஆகவே அத்தையம்மாவுக்கு மலைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், விதை கொண்டுபோவதைவிட, தொண்டர்கள் அனுமதியோடு களையெடுக்கப் போகும் நாளில் ஒரு கையுறையோடு போகலாம். எழுபது வயதில் மலை ஏற முடியாது என்றால் பேரனை அனுப்பலாம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கோர் தெ கார்த்தின் மேற்பகுதி இயற்கைக் காப்பிடம். அங்கிருந்து அனுமதியின்றி ஒரு தண்டு ஒடிப்பதும் குற்றம். நல்ல எண்ணத்தோடு நடுவதையும் கேட்காமல் செய்யக்கூடாது. 2015இல் வந்த நாட்டு உயிரினவளச் சட்டம் அரிய செடிகளுக்குத் தனியாகவும் பாதுகாப்புத் தருகிறது.

ரோஸ் ஹில் இளையவன்

ரியூனியன் அக்காவின் விளக்கத்தை ஏற்கிறேன். காஃபே மாரோன் கதை எனக்குத் தெரியாது. பள்ளியில் எங்களுக்கு டோடோ பறவையோடு பாடம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மலையடிவாரம் முழுக்க வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் செம்பருத்தி. இவர் ஏழு காய்களைப் பறித்துவிட்டால் மட்டும் மகரந்தம் மலை ஏறாமல் நின்றுவிடுமா?

நாற்றங்கால் பழையவர், கூர்பிப்

நிற்காது, தம்பி. நேர்மையான கேள்வி. ஆனால் தொலைவு கூடக்கூட மகரந்தம் போய்ச் சேரும் வாய்ப்புக் குறைகிறது. அடிவாரத்து வேலிக்கும் மேல்பாறைக்கும் இடையில் நீண்ட சரிவு இருக்கிறது. அந்த இடைவெளிதான் இதுவரை காப்பாற்றியிருக்கிறது. அதை நாமே சுருக்குவதுதான் கூடாது. வேலி வெட்டிய கழிவைக் குப்பையாக மலைப்பாதையோரம் கொட்டுவது நம்மிடையே சாதாரணம். செம்பருத்தித் தண்டு எங்கே விழுந்தாலும் ஈரம் இருந்தால் வேர்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வேலியை வெட்டி, ஆண்டுக்குச் சில அடி மேலே கொட்டினால், பத்தாண்டில் வேலியே மலை ஏறிவிடும். தங்கள் வெட்டுக்கழிவு எங்கே போகிறது என்று மலையடி வீட்டுக்காரர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலையடி வீட்டுக்காரன், கத்ர் போர்ன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. தாமதமாக மறுமொழி எழுதுவதற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பெரியவர் கடைசியாகக் கேட்ட கேள்வி என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. எங்கள் வேலிக் கழிவை நானே இரண்டு ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, பாதை வளையும் இடத்தில் உள்ள பள்ளத்தில்தான் கொட்டிவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்த்தேன். பழைய இலைக்குவியலுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் பதினொரு செம்பருத்திகள் நின்றன. ஒன்றில் மொட்டுகூட இருந்தது. வேரோடு பிடுங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயப்போட்டு எரித்தேன். இனி கழிவு வீட்டுக் குழியிலேயே மக்கும்.

காய்களைப் பறித்து, உள்ளிருந்த விதைகள் அத்தனையையும், முன்பு எண்ணிய பதினான்கையும் சேர்த்து, கொதிநீரில் போட்டுவிட்டேன். செய்யும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை.

உலர்த்திய கிளையை ரெதுயிக்குக் கொண்டு போனேன். பார்த்தவர்கள் இலை விளிம்பில் இருந்த இரண்டு மூன்று பற்களைக் காட்டி, இதை வைத்து முடிவாகச் சொல்ல இயலாது, அடுத்த பருவத்தில் மேலும் சில பூக்களோடு வாருங்கள் என்றார்கள். அதுவரை இரண்டு தொட்டிகளிலும் 'தாய் அறியப்படவில்லை' என்று எழுதிய சீட்டைக் கட்டியிருக்கிறேன். இரண்டாவது தொட்டியில் 'முதல் தொட்டியின் தண்டு, 2024 ஜனவரி' என்றும் சேர்த்து எழுதினேன்.

அத்தையிடம் காரணத்தைச் சொல்ல நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. கலப்பு, மகரந்தம் என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்க, அவர் நடுவிலேயே நிறுத்தி, "அப்படியென்றால் நம் வேலி அந்தப் பிள்ளையின் வயிற்றில் தன் பிள்ளையை வைத்துவிடும், அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். பூவைப் பூசைக்குப் பறிக்கலாம் என்பதைச் சொன்னதும், மீதி எதையும் அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து தொட்டியில் பூப்பது எதையும் சாயங்காலம் வரை விட்டுவைப்பதில்லை. களையெடுக்கும் நாளுக்கு என் பெயரையும் மகனின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். கையுறை எந்த அளவு வாங்குவது என்று லா கோலெத் ஆசிரியை அம்மா தெரிந்தால் சொல்லவும், கொயாவ் தெசினின் அடிமரம் கையைக் கிழிக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.